நியூ வோர்ல்ட் காபரேயில் வாசித்தவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கேள்வி
எழுதியவர்: பொத்தோங் பாசிர் மகள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா போன வருடம் இறந்துவிட்டார். தொண்ணூறைத் தாண்டியவர். பகலில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கும் டேலி கிளார்க், இரவில் நியூ வோர்ல்ட் என்ற பொழுதுபோக்குப் பூங்காவின் காபரேயில் டிரம் வாசிப்பவர். இந்த இரண்டாவது வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. சொந்தக்காரர்கள் கேட்டால் "அவருக்கு நைட் ஷிப்ட்" என்று அம்மா முடித்துவிடுவார். காபரே என்றாலே குடி, கூத்து என்று முகம் சுளித்த காலம். பேண்டில் வாசிக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அம்மாவின் வீட்டிலேயே கல்யாணத்துக்கு முன்னால் விஷயம் தெரியாதாம். இப்படியே பழகிப்போனதால் அப்பாவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே கறுப்பு போ டை ஒன்று. கம்பி பிரஷ் ஒரு ஜோடி, ரப்பர் பிடி உருகிக் கையில் ஒட்டுகிறது. அப்புறம் சட்டைப் பையில் அடங்கும் அளவில் ஒரு நோட்டுப் புத்தகம். அப்பாவின் கையெழுத்து, தமிழில்தான் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

வா – ப்ர
கு
ஸ் – ப்ர
ஜோ – தி
ஜோ – தி
ரம்
சா
வா – ப்ர – வி

பக்கத்துக்குப் பக்கம் இதுதான், வரிசை மட்டும் மாறுகிறது. சில பக்கங்களின் தலையில் "பு.த." என்று போட்டு, கீழே "ஜோ" மட்டும் வரிசையாக வருகிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இணையத்தில் தேடினால் நியூ வோர்ல்ட் வாசலின் படம் வருகிறது, ராட்டினத்தின் படம் வருகிறது. உள்ளே வாசித்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே ஒரு ராத்திரி எப்படிப் போகும்? யார் வருவார்கள்? என்ன வாசிப்பார்கள்? நம் தமிழ் ஆட்கள் வேறு யாராவது இருந்தார்களா? என் பிள்ளைகளுக்குத் தாத்தாவைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி வைக்க வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: தோ பாயோ டிரம்மர்

தங்கச்சி, நான் உங்கள் அப்பாவுக்குப் பின்னால் வந்தவன். 1947இல் பிறந்தவன். அறுபதுகளின் நடுவில், வழக்கமான டிரம்மர் வராத இரவுகளில் என்னைக் கூப்பிடுவார்கள். உங்கள் அப்பாவை நேரில் தெரியாது. ஆனால் அந்த நோட்டில் இருப்பது முழுக்கப் புரிகிறது. படித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வா என்பது வால்ட்ஸ். கு என்றால் குவிக்ஸ்டெப். ஸ் என்றால் ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட். ரம் என்பது ரம்பா, சா என்பது சா-சா-சா. ஜோ என்பது ஜோகெட், மலாய் நடனம். இவையெல்லாம் நடன வகைகள். "ப்ர" இருக்கும் இடத்தில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மெல்லிய சத்தம் தரும் கம்பிப் பிரஷ்ஷை எடுக்க வேண்டும். கடைசி வால்ட்ஸில் "வி" என்பது விளக்கு. விளக்கைக் குறைத்துவிடுவார்கள், அதுதான் அன்றைய கடைசிப் பாட்டு. அடுத்த பாட்டு என்ன என்று பேண்ட் மாஸ்டர் திரும்பிப் பார்த்துச் சொல்வதற்குள் கை தயாராக இருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தச் சின்ன நோட்டு.

"தி" என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அது திஸ்ரம், மூன்று மூன்றாகப் போகும் நடை. ஜோகெட் பாட்டில் இரண்டும் மூன்றும் பின்னிப் பின்னி வரும். ஒரு ரெபானா, அதாவது மலாய்க் கைமேளம், இரண்டாகக் கொட்டும், இன்னொன்று மூன்றாகப் போகும், வயலின் அதன் மேலே ஓடும், கோங் விழுந்து சுற்றை முடித்து வைக்கும். ஆங்கில முறையில் படித்து வந்த பையன்கள் இதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். எண்ணினால் வராது. உங்கள் அப்பா எண்ணவில்லை, தகிட தகிட என்று பிடித்திருக்கிறார். வீட்டில் யாராவது தவில் அல்லது உறுமி வாசித்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள். இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இடத்தைக் கேட்டீர்கள். ஜாலான் புசாருக்கும் சிராங்கூன் ரோட்டுக்கும் நடுவே, கிச்சனர் ரோட்டை ஒட்டி, இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கும் இடம். 1923இல் ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் என்ற சகோதரர்கள் ஆரம்பித்தது. லாவ் பா சாட் பக்கத்தில் பூன் தாட் ஸ்திரீட் இருக்கிறதே, அந்தப் பெயர் அண்ணனுடையதுதான். பிறகு ஷா சகோதரர்கள் கைக்குப் போனது. ஜாலான் அம்பாஸில் மலாய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே ஷா கம்பெனி. உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் வாயாங் என்ற சீனக் கூத்து, ஒரு பக்கம் பங்சாவான் என்ற மலாய் நாடகம், குத்துச்சண்டை, மல்யுத்தம், சினிமாக் கொட்டகைகள், ராட்டினம். கடலை விற்கும் நம் கச்சாங் பூத்தேக்காரர்கள் தலையில் தட்டோடு கூட்டத்தில் புகுந்து வருவார்கள். இத்தனை சத்தத்துக்கும் நடுவே காபரேயின் டிரம்பெட் தனியாகக் கேட்கும்.

காபரே என்றதும் இந்தக் காலத்து ஆட்கள் வேறு எதையோ நினைக்கிறார்கள். எங்களுக்கு அது டான்ஸ் மண்டபம். பெரிய மரத் தளம், வழுக்குவதற்காகப் பவுடர் தூவி வைத்திருப்பார்கள். தளத்தைச் சுற்றி மேசைகள். டாக்ஸி டான்சர் பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகிறவர் கூப்பன் வாங்க வேண்டும், ஒரு பாட்டுக்கு ஒரு கூப்பன். கூப்பனில் ஒரு பங்குதான் அந்தப் பெண்ணின் சம்பளம். அதனால் ஒரு பாட்டை இழுத்துக்கொண்டே போகக் கூடாது. மூன்று நிமிடத்துக்குள் முடி, அடுத்ததைத் தொடங்கு. கூட்டமான சனிக்கிழமைகளில் இன்னும் சுருக்குவோம். இசை நன்றாக இருக்கிறது என்று நாங்கள் மயங்கி நீட்டினால் அந்தப் பெண்ணின் வருமானம்தான் குறையும். அந்தப் பெண்களைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் எனக்குத் தெரியும். நான் பார்த்தவர்கள் தம்பி தங்கையைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள், அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். அவர்களைத் தாழ்த்திப் பேசுவதை அன்றும் நான் பொறுத்ததில்லை, இன்றும் பொறுக்க மாட்டேன்.

எனக்கு வேகத்தைக் கற்றுக்கொடுத்ததே அவர்களில் ஒருவர்தான். நான் வந்த புதிது. சின்ன வயசு, கை துடிக்கும். ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டிவிடுவேன். ஒரு சீனப் பெண்மணி, வயதில் மூத்தவர், பாட்டு முடிந்ததும் மேடை ஓரத்துக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. மேடைப் பலகையின் விளிம்பில் செருப்புக் குதிகாலால் தட்டினார். டக்… டக்… டக்… டக். நான் அந்த வேகத்துக்கு வரும்வரை தட்டினார். வந்ததும் மலாயில் "இப்படி அடித்தால்தான் கிழவர்கள் இன்னொரு கூப்பன் வாங்குவார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்தப் பாட்டுக்கும் முதலில் ஆடுகிறவர்களின் காலைப் பார்ப்பேன், அப்புறம்தான் பேண்ட் மாஸ்டரை.

அந்த மண்டபத்தில் டிரம் வைத்திருப்பதே ஒரு போராட்டம். மூத்தவர்களின் டிரம்களில் கன்றுத் தோல்தான் இருக்கும். நம் ஊர் ஈரக் காற்றுக்கும் அத்தனை பேரின் மூச்சுக்கும் பத்து மணிக்கெல்லாம் தோல் தொய்ந்துவிடும். அடித்தால் ஈரத் துணியில் அடித்த மாதிரி இருக்கும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பேஸ் டிரம்முக்குள் ஒரு மின்விளக்கைப் பொருத்தி எரியவிடுவார்கள், அந்தச் சூட்டில் தோல் இறுகும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் டிரம் அழகுக்காக ஒளிர்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பிளாஸ்டிக் தோல் வந்த பிறகுதான் இந்தப் பாடு தீர்ந்தது. உங்கள் அப்பாவும் பல்பு வைத்திருப்பார், சந்தேகமே வேண்டாம்.

பேண்டில் பிலிப்பினோக்கள் அதிகம். ஸ்கோர் படிப்பதில் அவர்களை அடிக்க ஆள் கிடையாது. சாக்ஸபோன், டிரம்பெட், பியானோ பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்கும். யூரேசியர்கள், கோவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்களும் உண்டு. ஒரே ராத்திரியில் சீன முதலாளிக்கு ஷாங்காய் பாட்டு, வெள்ளைக்கார சிப்பாய்க்கு குவிக்ஸ்டெப், மலாய்க்காரருக்கு ஜோகெட், யாராவது கேட்டால் இந்திப் படப் பாட்டு. எல்லாமே வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எந்தச் சங்கீதப் பள்ளியிலும் இது கிடையாது. இவ்வளவும் தெரிந்த ஒரு மனிதர் காலையில் துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

"பு.த." என்பது புங்கா தஞ்சோங். நியூ வோர்ல்டுக்குள்ளேயே இருந்த மலாய் காபரே. ஐம்பதுகளில் ஜோகெட் என்றால் அதுதான் பேர்போன இடம். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று முன்னும் பின்னும் போய் வருவார்கள், தொட்டுக்கொள்ள மாட்டார்கள். அங்கே வாசிக்க ஒரு தமிழரை அழைத்திருக்கிறார்கள் என்றால் அவர் கை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.


பதில் 2
எழுதியவர்: கிச்சனர் ரோடு கமலம்

நான் வாசித்தவளும் இல்லை, ஆடியவளும் இல்லை. உள்ளே எட்டிப் பார்க்கக்கூட விட்டதில்லை. ஆனால் நியூ வோர்ல்டுக்கு அருகிலேயே, கடைவீட்டு மாடியில் வளர்ந்தவள். அந்த இசையைக் கேட்டுக்கொண்டேதான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

பூங்காவுக்குள் போகப் பத்துக் காசு. அப்பா கையில் காசு இருந்தால் சீன வருடப் பிறப்பு, தீபாவளி சமயத்தில் கூட்டிப்போவார். காபரே வாசலைக் கடக்கும்போது மட்டும் அம்மா என் கையை இறுக்கிப் பிடிப்பார், நடை வேகமாகும். நான் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். கதவு திறந்து மூடும் அந்த ஒரு நொடியில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரியும். சினிமாவில் பார்ப்பதைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

சில மாலைகளில் சீனிவாசப் பெருமாள் கோயில் நாகஸ்வரமும் காபரே டிரம்பெட்டும் ஒரே நேரத்தில் மாடிக்கு வந்துவிடும். பாட்டிக்கு எரிச்சல் வரும், ஜன்னலைச் சாத்தச் சொல்வார். நான் சாத்தியதாகப் பேர் பண்ணுவேன். தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்துதானே காவடி கிளம்பும், அந்த ராத்திரிகளில் தெருவெல்லாம் ஜனம். நியூ வோர்ல்டிலிருந்து வெளியே வருகிறவர்களும் காவடிக் கூட்டமும் ஒரே தேநீர்க் கடையில் நிற்பார்கள். போ டை கட்டிய ஆட்கள் அங்கே நின்று மீ கோரிங் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம் அம்மா.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அம்மா "நைட் ஷிப்ட்" என்று சொன்னதற்காக அவர்மேல் வருத்தம் வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் வீட்டு மானத்தைக் காப்பாற்றக் கையில் வேறு வழி இல்லை.


பதில் 3
எழுதியவர்: பழைய பேப்பர் தம்பி

நான் எழுபதுகளுக்குப் பிறகு பிறந்தவன், ஆனால் சிங்கப்பூரில் இருந்த மூன்று "வோர்ல்ட்" பூங்காக்களைப் பற்றிப் படிப்பதில் பைத்தியம். அக்காவுக்குப் பயன்படும் சில விவரங்கள்.

நியூ வோர்ல்ட் 1923. கிம் செங் ரோட்டில் கிரேட் வோர்ல்ட் 1931. கேலாங்குக்கும் மவுண்ட்பேட்டனுக்கும் நடுவே ஹாப்பி வோர்ல்ட் முப்பதுகளின் நடுவில் வந்தது, அறுபதுகளில் கே வோர்ல்ட் என்று பெயர் மாற்றினார்கள். மூன்றிலும் காபரே இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் இந்தப் பூங்காக்களைச் சூதாட்டக் கூடங்களாக மாற்றினார்கள். கிரேட் வோர்ல்டில் போர்க் கைதிகளையும் அடைத்து வைத்திருந்தார்கள்.

1961இல் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸும் ஹாப்பி வோர்ல்ட் ஸ்டேடியத்தில் வாசித்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் மூலைக்கு மூலை கிட்டார் பேண்ட். குவீன்ஸ்டவுன் பள்ளிப் பையன்கள் ஆரம்பித்த தி குவெஸ்ட்ஸ் உள்ளூர் வானொலி வரிசையில் பீட்டில்ஸையே பின்னுக்குத் தள்ளினார்கள். ஆர்ச்சர்ட் ஹோட்டலின் கோல்டன் வீனஸில் ஞாயிற்றுக்கிழமை டீ டான்ஸ் என்றால் இளசுகள் கூட்டம். நம் சிவா சோயும் அந்தக் காலத்துப் பாடகர்தான். பின்னால் நகைச்சுவையில் பேர் வாங்கினார்.

இந்த இசையைக் கொன்றது அரசாங்கம்தான் என்பது என் கருத்து. 1959இலேயே "மஞ்சள் கலாசார" எதிர்ப்பு, அதாவது ஒழுக்கத்தைக் கெடுக்கும் கேளிக்கைகளுக்கு எதிரான இயக்கம், ஆரம்பம். ஜூக்பாக்ஸ் போச்சு. எழுபதுகளில் நீள முடி வைத்தவர்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அரசாங்க அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். முடி, ராக் இசை, போதைப்பொருள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். பேண்ட்கள் எங்கே போய் வாசிக்கும்?

அக்கா, தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தாள்களை இலவசமாகத் தேடலாம். காபரே விளம்பரங்களில் பேண்ட் பெயர் போட்டிருப்பார்கள். அப்பா வாசித்த பேண்டின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் இசைக்கலைஞர்களும் பேசியிருக்கிறார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள்.


பதில் 4
எழுதியவர்: தோ பாயோ டிரம்மர்

தம்பி, நல்ல விவரம். ஆனால் கடைசியில் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. கிட்டார் பையன்களுக்கு அது பொருந்தும், அவர்கள் வயிற்றில் அடித்தது அந்தக் கெடுபிடிதான். நீள முடிக்காகப் பட்ட பாடு எனக்கும் தெரியும். காபரேயின் கதை வேறு.

1963 பிப்ரவரியில் டெலிவிஷன் வந்தது. முதலில் சமூக மன்றங்களில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள், அப்புறம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. புதன், வியாழன் என்று வார நாள்களில் மேசைகள் காலியாகத் தொடங்கியதை நான் மேடையிலிருந்தே பார்த்தேன். அடுத்து வீவக வீடுகள், அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகள். ஜாலான் புசாரிலும் கேலாங்கிலும் நடந்து வரும் தூரத்தில் இருந்த ஜனங்கள் குவீன்ஸ்டவுன், தோ பாயோ என்று போய்விட்டார்கள். நானும் போனவன்தான், வீடு கிடைத்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை முடிந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு நடந்தே காபரேக்கு வந்தவர், பஸ் பிடித்து வர மாட்டார். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியது. சம்பள நாள் என்றால் சிலேத்தார், சாங்கி படைத்தளங்களிலிருந்து வந்து குவிந்த பையன்கள் போய்விட்டார்கள். பணம் செலவழிப்பவர்கள் குளிர்சாதனம் போட்ட ஹோட்டல் நைட்கிளப்புகளுக்குப் போனார்கள். ஸ்காட்ஸ் ரோட்டில் டிராப்பிகானா 1968இல் வந்துவிட்டதே. கடைசியில் டிஸ்கோ. ஒரு ஆள் இரண்டு தட்டுகளைச் சுழற்றினால் போதும், பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்க எந்த முதலாளி விரும்புவார்?

எனக்கு வலிப்பது மண்டபம் போனது அல்ல. மரமும் தகரமும் ஒருநாள் போகும்தான். கிரேட் வோர்ல்ட் எழுபதுகளின் கடைசியில் மூடியது. நியூ வோர்ல்ட் எண்பதுகளில். கே வோர்ல்ட் ஸ்டேடியத்தை 2000க்குப் பிறகு இடித்தார்கள். டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த தேசிய அரங்கம், 1963இல் ஜனங்கள் செங்கல்லுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று கொடுத்துக் கட்டியது, 3,420 இருக்கைகள், அதையே 1986இல் இடித்துவிட்டார்கள். சிட்டி ஸ்குவேர் மால் 2009இல் திறந்தபோது நியூ வோர்ல்ட் வாசலை மட்டும் நினைவாக நிறுத்தினார்கள். போய்ப் பாருங்கள், நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஜோகெட்டையும் ஃபாக்ஸ்ட்ராட்டையும் ஒரே மேடையில், ஒரே கையில் வைத்திருந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இசைத்தட்டு போட்டவர்களுக்கு வரலாறு இருக்கிறது. காபரேயில் ராத்திரி ராத்திரியாக வாசித்தவர்கள் தட்டு போடவில்லை. அவர்கள் வாசித்தது ஆடியவர்களின் காலோடு போய்விட்டது. அதனால்தான் உங்கள் அப்பாவின் நோட்டு எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, தங்கச்சி. ஒரு முழு ராத்திரியின் வரிசை, வாசித்தவரே எழுதியது, அதுவும் தமிழில். இப்படி இன்னொன்றை நான் பார்த்ததில்லை.


பதில் 5
எழுதியவர்: பொத்தோங் பாசிர் மகள்

ஐயா, அக்கா, தம்பி, மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பதில்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பல்பு விஷயம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, "அந்த மனுஷன் மாசா மாசம் பல்பு வாங்குவார், வீட்டில் எரிகிற பல்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சண்டை போட்டிருக்கிறேன்" என்றார். அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டார். அப்பா விடிகாலை வந்து சத்தமில்லாமல் கதவைத் திறப்பார், சட்டை முழுக்கச் சிகரெட் நாற்றம் என்பதால் அதைக் குளியலறையிலேயே கழற்றி ஊறப் போட்டுவிடுவார், எங்கள் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த ராத்திரிக் காசில்தான் போனது. இதெல்லாம் எனக்குப் புதுச் செய்தி. நான் படித்ததே அந்தக் காசில்தான் என்று இத்தனை வயதில் தெரிகிறது.

கமலம் அக்கா, அம்மாமேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் எழுதியதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது. அதற்காக உங்களுக்குத் தனியாக நன்றி.

ஐயா, நீங்கள் கேட்டது சரி. தாத்தா செம்பவாங் பக்கம் ஒரு கோயிலில் உறுமி வாசித்தவர். தீமிதி, தைப்பூசம் என்றால் அவர் இல்லாமல் கிடையாதாம். அப்பா சின்ன வயதில் கூடவே போவாராம்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் சில "ஜோ"வுக்குப் பக்கத்தில் "தி" இல்லை, "ச" என்று இருக்கிறது. பக்கத்திலேயே "டுவி" என்று புதிதாக ஒன்று. மை நிறமும் வேறு. இது என்ன?


பதில் 6
எழுதியவர்: தோ பாயோ டிரம்மர்

உறுமியா! அப்படியென்றால் கேள்வியே இல்லை. உறுமியோடு வளர்ந்த காதுக்கு ஜோகெட் அந்நியமாக இருந்திருக்காது.

"டுவி" என்பது டுவிஸ்ட். அறுபதுகளின் ஆரம்பத்தில் காபரேக்குள்ளும் புகுந்துவிட்டது, அதனால் அந்தப் பக்கங்கள் அறுபதுகளில் எழுதியவை என்று தைரியமாகச் சொல்லலாம். "ச" என்பது சதுஸ்ரம். அந்தச் சமயத்தில் இளசுகளுக்காக ஜோகெட் பாட்டுகளையே நேராக்கி, நாலு அடியாக, டுவிஸ்ட் மாதிரி வாசிக்கச் சொல்வார்கள். ஆடுவதற்குச் சுலபம். மூத்த டிரம்மர்களுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, ஆனால் மாஸ்டர் சொன்னால் செய்ய வேண்டும். எந்தப் பாட்டுக்குப் பழையபடி, எந்தப் பாட்டுக்குப் புதுசு என்று குழம்பாமல் இருக்க உங்கள் அப்பா குறித்து வைத்திருக்கிறார். நான் உட்கார்ந்த காலத்தில் பெரும்பாலும் "ச"தான். உண்மையான "தி"யை வாசித்துக் காட்ட ஆள் குறைந்துவிட்டது.

சில வேலைகள் சொல்கிறேன். நோட்டை அழுத்தி விரிக்க வேண்டாம், தையல் விட்டுவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள், மை நிறம் தெரிய வேண்டும். ஓரங்களில் பெயரோ தேதியோ இருந்தால் தனியாக எழுதி வையுங்கள். மாஸ்டரின் பெயர் எங்காவது இருக்கும், ஒரு எழுத்தில் சுருக்கியிருந்தாலும் சொல்லுங்கள், நான் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். பிரஷ்ஷின் ரப்பரைத் துடைக்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், துணியில் சுற்றி டின்னிலேயே வையுங்கள். அம்மா பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்றைக்கே.

பு.த. பக்கங்களை இங்கே போட்டால் நான் அந்த வரிசையை என் டிரம்மில் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். கை பழைய வேகத்தில் இல்லை, ஜோகெட்டுக்கு அது போதும். வயலினுக்கு ஒரு மலாய் நண்பர் இருக்கிறார், பிடோக்கில். அவர் அப்பாவும் புங்கா தஞ்சோங்கில் வாசித்தவர்தான், நோட்டைப் பற்றிச் சொன்னதும் எப்போது பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிரேட் வோர்ல்டிலோ ஹாப்பி வோர்ல்டிலோ வாசித்த நம்மவர்கள் வீட்டில் இருந்தால், அல்லது அவர்களின் பிள்ளைகள் இதைப் படித்தால், எந்த வாத்தியம், எந்தக் காலம் என்று இரண்டு வரியாவது இங்கே போடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.